பலகார ஊரில் பேக்கரிப் படிப்பு

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கத்துப் பலகாரக் கூடங்களில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்குவதில்லை. தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச்சீடை, மனகோலம், மாவுருண்டை, அதிரசம் என்று டின் டின்னாக நிரம்பிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. கல்யாண மாதங்களில் இன்னொரு சுற்று வேலை. அதே ஊர்களின் பேருந்து நிலையங்களைச் சுற்றி வேறொரு தொழிலும் நடக்கிறது. கண்ணாடி அலமாரிக்குள் தேங்காய் பன், தேன் கேக், முட்டை பப்ஸ், ரஸ்க், பெயர் எழுதக் காத்திருக்கும் பிறந்தநாள் கேக். அடுப்பும் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் இரண்டுக்கும் பொது. ஆனாலும் ஒரு தொழிலில் இருப்பவர் மற்றதை எட்டிப் பார்ப்பது அபூர்வம். பேக்கரிக்குப் பாடத்திட்டமும் பட்டயமும் அரசுச் சான்றிதழும் உண்டு. பலகாரமோ ஆச்சியிடமிருந்து மருமகளுக்கு, மருமகளிடமிருந்து கூடத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு என்று வாய்வழியாகவே இறங்கி வந்திருக்கிறது.

சிவகங்கை மாவட்டத்தில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த ஒரு பிள்ளை இந்தத் தொழிலைப் படிக்க விரும்பினால் எங்கே போவது, படித்து என்ன ஆவது, சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு அதற்கு ஒத்துவருமா என்பது சின்னக் கேள்வி போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் கல்வி, தொழில், பெண்களின் உழைப்பு, ஊரின் வணிகம் நான்கும் அதற்குள் இருக்கின்றன.

சமுதாயக் கல்லூரி அமெரிக்காவில் பிறந்தது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1901-ல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரியை அவ்வகை அரசுக் கல்லூரிகளில் முதலாவது என்பார்கள். கட்டணம் குறைவாக இருக்க வேண்டும், யாரும் சேர முடிய வேண்டும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடிய வேண்டும், சுற்றுவட்டாரத்தில் எந்தத் தொழிலுக்கு ஆள் தேவையோ அதைக் கற்பிக்க வேண்டும். இந்த நான்கும்தான் அதன் இலக்கணம். சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி 1936 முதலே ஓட்டல் தொழிலைப் பாடமாக நடத்தி வருகிறது. அந்த நாட்டின் பல சமுதாயக் கல்லூரிகளில் மாணவர்கள் சுட்ட ரொட்டியும் பேஸ்ட்ரியும் கல்லூரி வளாகக் கடையிலேயே பொதுமக்களுக்கு விற்பனையாகின்றன. காசு கொடுத்து வாங்குகிற அயலார் அடுத்த வாரமும் வருகிறாரா என்பதும் அங்கே மாணவருக்கு ஒரு தேர்வு.

இந்தியாவில் இது தமிழ் மண்ணில்தான் முதலில் வேர் பிடித்தது. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. மறு ஆண்டு சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரியை நிறுவியது. இயேசு சபைக் கல்வியாளர் சேவியர் அல்போன்ஸ் இந்த முறையை நாடெங்கும் எடுத்துச் சென்றார். பள்ளிப் படிப்பை நிறுத்தியவர்கள், குப்பத்துப் பெண்கள், கிராமத்து இளைஞர்கள் ஆகியோருக்காகவே அது அன்று எண்ணப்பட்டது. பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்துத் தொழிற்பட்டயங்களை வழங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2013-ல் தன் சொந்தத் திட்டத்தை அறிவித்து, ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரிகளை நடத்த வழி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும் அரசிதழில் வந்தது. ஆறு மாதம் படித்தால் சான்றிதழ், ஓராண்டு படித்தால் பட்டயம், இரண்டாண்டு படித்தால் உயர்நிலைப் பட்டயம். இடையில் நின்றவர் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. பாடத்தில் தொழில்திறனுக்கே பெரும் பங்கு.

ஏட்டில் இருக்கும் இந்த ஏற்பாட்டுக்குக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-ல் இங்கே கலைக்கல்லூரி கண்டார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் அது திறக்கப்பட்டது. பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் அடுத்தடுத்து வந்தன. 1985-ல் அந்தப் பெயரிலேயே பல்கலைக்கழகம் எழுந்தது. ஒரு செல்வந்தரின் கொடையால் ஊரே கல்வி நகரமானது. ஆனால், அரிமானத்தையும் மின்கலத்தையும் ஆராய உலகத்தரக் கூடம் உள்ள ஊரில், வெளிநாடு வரை போகிற ஊர்ப் பலகாரம் ஏன் மூன்றாவது வாரத்தில் சிக்கு வாடை அடிக்கிறது என்ற கேள்வியோடு ஒரு பலகாரக்காரப் பெண் படியேறுவதற்கு ஒரு வகுப்பறை வேண்டும். சமுதாயக் கல்லூரியின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் இன்றைக்கு பேக்கரி படிக்கப் பல வாசல்கள் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான தேசியப் பட்டியலில் 'பேக்கர் அண்ட் கன்ஃபெக்ஷனர்' ஓராண்டுப் பிரிவு. பத்தாவது தேறியிருந்தால் போதும். ஓட்டல் மேலாண்மைக்கான தேசியக் குழுமத்தின் கீழ் வரும் நிறுவனங்களில் பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு பேக்கரி பட்டயப் படிப்பு. வகுப்பு ஓராண்டு, அதன்பின் 24 வாரம் தொழிலகப் பயிற்சி. பத்தாவது முடித்தவர்களுக்கு உணவு தயாரிப்பும் பேஸ்ட்ரியும் சேர்ந்த ஒன்றரை ஆண்டு கைவினைஞர் படிப்பும் அங்கே உண்டு. சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் இந்தக் கைவினைஞர் படிப்பில் சேர்ந்தால் கட்டணத்தை அரசின் தாட்கோ கழகம் ஏற்கிறது. நாளிதழின் உள்பக்கத்தில் சிறு பெட்டிச் செய்தியாக வந்து போகும் இந்த அறிவிப்பைக் கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பத்தாம் வகுப்பு அறையில் வாசித்துக் காட்டினாலே சில குடும்பங்களின் நிலை மாறும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சென்னையிலுள்ள தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் சில நாள் பயிற்சிகளை நடத்துகின்றன. தஞ்சாவூரில் 1967-ல் நெல் பதனிடும் ஆய்வு மையமாகத் தொடங்கி இன்று தேசிய முக்கியத்துவம் வாய்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கும் கல்வி நிலையம், காரைக்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. இவை போகப் பெருநகரங்களில் தனியார் பேஸ்ட்ரி அகாடமிகள். அவற்றின் கட்டணம் லட்சங்களில்.

வாசல்கள் பல இருந்தும் சேர்கிறவர்கள் எதைத் தேடுகிறார்கள், எது கிடைக்கிறது என்பதில் இடைவெளி பெரிது. இரண்டு நாள் பயிற்சியில் கேக்கும் பிஸ்கட்டும் செய்துபார்க்கலாம், கை பழகாது. ஓட்டல் நிறுவனங்களின் பட்டயம் ஐந்து நட்சத்திர ஓட்டலின் பேஸ்ட்ரி அறையை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதைப் படித்தவர் சென்னைக்கோ துபாய்க்கோ சொகுசுக் கப்பலுக்கோ போவார். போகட்டும், நல்லதே. ஊரில் இருந்தே பிழைக்க நினைப்பவருக்கு, முக்கியமாகக் குடும்பத்தை விட்டு வெளியூர் தங்க முடியாத பெண்களுக்கு, அந்தப் படிப்பு பாதி தூரம்தான் துணைக்கு வரும்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். பேக்கரி வேலையைக் கல்லூரியில் படிக்க வேண்டுமா? மாஸ்டரிடம் நின்று கற்றவர்கள்தானே இத்தொழிலை இந்தியாவில் வளர்த்தார்கள்?

வரலாறு அந்தப் பக்கம் பலமாகவே நிற்கிறது. தலச்சேரி மாம்பள்ளி பாபு பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி 1880-ல் தன் பிஸ்கட் ஆலையைத் தொடங்கினார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கை ருசி பார்க்கக் கொடுக்க, அதே போல் ஒன்றைப் பாபு உள்ளூர்ச் சரக்கைக் கொண்டே சுட்டுக் கொடுத்தார். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வணிகர்கள் வட்டிக்கடை நடத்தப் போன அதே பர்மாவிலிருந்து ஒருவர் பிஸ்கட் கலையைக் கொண்டுவந்தார். செட்டிநாட்டுக்கோ அங்கிருந்து கவுனி அரிசி வந்து சேர்ந்தது. பெங்களூரில் 1898-ல் எச்.எஸ். திருமலாச்சார் தொடங்கிய கடையிலிருந்து ஐயங்கார் பேக்கரி என்ற பெயரே ஒரு வகையாகி இன்று தமிழ்நாட்டின் நெடுஞ்சாலை எங்கும் தொங்குகிறது. தூத்துக்குடிக்காரர்கள் பாதாமுக்குப் பதில் முந்திரியைப் போட்டு, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்து, மக்ரூனைத் தங்கள் ஊர்ப் பண்டமாகவே ஆக்கிக்கொண்டார்கள். இவர்களில் யாரும் பட்டயம் வாங்கவில்லை.

இன்னும் அண்மையில் ஒன்று. பாரிஸ் நகரம் ஆண்டுதோறும் நடத்தும் சிறந்த பாகெத் போட்டியில் 2023-ல் முதலிடம் பெற்றவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையில் பிறந்து 2006-ல் பிரான்ஸ் சென்ற தமிழர். பரிசோடு, ஓராண்டுக்குக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி அனுப்பும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. அவரும் வேலை செய்த இடத்தில் கற்றுக்கொண்டவரே. ஆனால் அவர் கற்ற நாட்டின் அமைப்பை மறந்துவிடக் கூடாது. பிரான்சில் ரொட்டி சுடுவதற்கும் பேஸ்ட்ரிக்கும் தனித்தனி தேசியத் தொழிற்சான்றிதழ் உண்டு. பட்டறையில் வேலை, பள்ளியில் பாடம் என்று மாறி மாறிப் படிப்பார்கள். பாரம்பரிய பாகெத்தில் என்னென்ன சேர்க்கலாம் என்று 1993-ல் அரசாணையே வந்தது. மாவு முதல் நொதித்தல் வரை எழுத்தில் இருக்கிற நாட்டில், மாஸ்டரிடம் கற்பவரும் ஒருவகையில் பாடம் கற்றவராகிறார். நம்மூர்ப் பட்டறையில் மாஸ்டர் வேலையை விட்டுப் போனால் அளவும் அவரோடு போய்விடுகிறது. ஒரு கடையின் தேன் கேக் திடீரென்று ருசி மாறுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

ஆகவே, பட்டறையில் கிடைக்காத எதைக் கல்லூரி தர வேண்டும் என்று கேட்பதே பயன் தரும்.

முதலில் எடைக்கணக்கு. பேக்கரியில் மாவை நூறு என்று வைத்து மற்ற எல்லாவற்றையும் அதன் விழுக்காடாக எழுதுவார்கள். பத்துக் கிலோ மைதாவுக்கு 60 விழுக்காடு தண்ணீர் என்றால் ஆறு கிலோ, 2 விழுக்காடு உப்பு என்றால் 200 கிராம். ஒரு கிலோவுக்குச் செய்தாலும் ஒரு மூட்டைக்குச் செய்தாலும் ரொட்டி ஒன்றாகவே வரும். அடுத்தது வெப்பம். ரொட்டி மாவு பிசைந்து முடிக்கும்போது சுமார் 24 முதல் 27 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வேண்டிய வெப்பத்தை மூன்றால் பெருக்கி, அறை வெப்பம், மாவின் வெப்பம், பிசையும்போது உராய்வால் ஏறும் வெப்பம் மூன்றையும் அதிலிருந்து கழித்தால், ஊற்ற வேண்டிய தண்ணீர் எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்ற விடை வரும். சித்திரை மாதக் காரைக்குடியில் அறை 35, மாவு 32, உராய்வு 8 என்று வையுங்கள். மாவு 26 பாகையில் வேண்டுமானால் 78-லிருந்து 75 போக, தண்ணீர் 3 பாகையில் இருக்க வேண்டும். அதாவது ஐஸ் போட்ட தண்ணீர். கோடையில் பன் புளித்துப்போகிறது, மார்கழியில் எழும்புவதே இல்லை என்று ஈஸ்ட் கம்பெனியைக் குறை சொல்லும் பட்டறைகளுக்கு இந்த ஒரு வரிக் கணக்கு பெரிய விடுதலை.

பப்ஸ் கதையும் வெப்பத்தின் கதையே. வெண்ணெய் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். அடுக்கடுக்காக மடித்து உருட்டும்போது கொழுப்பு உருகாமல் இருந்தால்தான் அடுப்பில் அடுக்குகள் பிரியும். குளிர்பதன அறை வைக்க முடியாத சிறு பட்டறைகள் உருகுநிலை உயர்ந்த மார்ஜரினுக்குப் போகின்றன. அந்த வகைக் கொழுப்புகளில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதால், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் அதன் உச்ச அளவை 2 விழுக்காடாக்கியது. எந்தப் பொட்டலத்தை வாங்குவது, லேபிளில் எதைப் பார்ப்பது என்று படித்தவருக்குத் தெரியும். கடைக்காரர் சொன்னதை வாங்குபவருக்குத் தெரியாது. அந்த பப்ஸைத் தினமும் சாப்பிடுகிறவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

இதே கண்ணோடு ஆச்சியின் அடுப்பைப் பாருங்கள். அங்கே நடப்பதும் துல்லியமான தொழில்நுட்பமே. வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எடுப்பார்கள். தராசு இல்லாத வீட்டில் விகிதம் தவறாதிருக்கக் கண்டுபிடித்த அளவை அது. அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் பரப்பி, ஈரம் முழுதும் போவதற்குள் இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கிளறுவார்கள். பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் விரலில் உருள வேண்டும். அந்த உருட்டுப் பதத்தைப் பேஸ்ட்ரி வகுப்பில் வெப்பமானி வைத்து அளந்தால் ஏறத்தாழ 112 முதல் 116 பாகை காட்டும். பிரெஞ்சுக்காரர் சில மிட்டாய்களுக்கு எடுக்கும் பதமும் இதுவே. பதம் குறைந்தால் அதிரசம் எண்ணெயில் கரைந்து பிரியும், மீறினால் கல்லாகும். ஆச்சிக்குக் கண்ணாலும் விரலாலும் தெரிகிறது. இருபது வயதுப் பெண்ணுக்கு அது வசப்படப் பத்து தீபாவளி ஆகும். வெப்பமானியும் குறிப்பேடும் கொடுத்தால் ஒரு பருவத்தில் வசப்படும். அதன்பிறகு கண்ணும் விரலும் தானாகப் பழகும்.

அரிசி மாவில் பசைத்தன்மை தரும் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவைப் போல் அது இழுபடாது, காற்றைப் பிடித்துவைக்காது. சீப்புச்சீடையின் வரியோட்டப் பட்டையை விரலில் சுற்றி முனை ஒட்டவைக்கும்போது விரியாமல் இருக்க, தேங்காய்ப்பாலின் அளவும் மாவின் சூடும் சரியாக அமைய வேண்டும். உருண்டைச் சீடை எண்ணெயில் வெடிப்பது உள்ளே அடைபட்ட நீராவியால். மாவை இருமுறை சலிப்பதும், வறுத்துக்கொள்வதும், ஊசியால் குத்துவதும் அதற்குத்தான். காரணம் தெரியாமல் செய்கிறவர் ஒருநாள் சலிக்க மறப்பார். சூடான எண்ணெய் முகத்தில் தெறிக்கும். பேக்கரி படிக்கும் மாணவருக்கு இது தொழில் பாதுகாப்புப் பாடம். இன்று குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கான தின்பண்டத்தை உலகம் தேடிக்கொண்டிருக்க, அரிசியிலும் பயறிலும் உளுந்திலும் இத்தனை பண்டம் செய்யத் தெரிந்த ஊரில் அதைப் பாடமாக்காமல் இருப்பது பெரிய இழப்பு.

மேலே சொன்ன சிக்கு வாடைக்கும் விடை உண்டு. பொரித்த பண்டத்தில் நீரின் செயல்பாடு குறைவு என்பதால் பூஞ்சை வராது. ஆனால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடும். வெளிச்சமும் வெப்பமும் பலமுறை காய்ச்சிய எண்ணெயும் அதை விரைவுபடுத்தும். ஒளி புகாத உறை, காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பிய பொட்டலம், எண்ணெயை எப்போது மாற்றுவது என்ற சோதனை ஆகியவற்றைச் சிப்ஸ் ஆலைகள் அன்றாடம் செய்கின்றன. சிங்கப்பூருக்கு அனுப்பும் பலகாரக் கூடத்துக்கு அவை கேக் ஐசிங்கைவிட அவசரமான பாடம். லேபிளில் தயாரித்த நாள், பயன்படுத்தும் கெடு, மூலப்பொருள்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் சரியாக இல்லாவிட்டால் பெட்டி துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

விலைக்கணக்கையும் விட முடியாது. 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 விழுக்காடு என்று ஓர் ஓட்டல் உரிமையாளர் நிதியமைச்சரிடம் சொன்னது நாடெங்கும் பேச்சானது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் மீதான வரி 18-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. இப்படி மாறுகிற விதிகளுக்குள் ஒரு கிலோ பண்டத்தின் அடக்கவிலையைப் போடத் தெரியாத சிறு தொழில், விற்பனை அமோகமாக நடக்கும்போதே மூழ்கும். எரிவாயு, மின்சாரம், உடைசல், தன் உழைப்பின் கூலி நான்கையும் சேர்க்காமல் விலை வைக்கும் வீட்டு பேக்கர்கள் ஏராளம்.

வேலையின் கடுமையையும் மறைக்கக் கூடாது. விளம்பரத்தில் வெள்ளைத் தொப்பியும் கிரீம் ரோஜாவும் தெரியும். உண்மையில் பேக்கரி என்பது இரவு வேலை, அனல், நின்றே கழியும் மணிநேரங்கள். பேக்கரிகளில் இரவு வேலையைத் தடுக்கச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1925-லேயே ஒரு தனி உடன்படிக்கை கொண்டுவந்தது என்றால் அந்த உழைப்பு எத்தகையது என்று புரியும். மாவுத் தூசியால் வரும் ஆஸ்துமா இத்தொழிலுக்கே உரிய நோய் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. முகக்கவசம், தூசி வெளியேற்றும் விசிறி, அடுப்படியில் இடைவேளை ஆகியவை மாணவரின் முதல் வாரத்திலேயே பழக்கமாக வேண்டும். சின்ன ஊர்ப் பட்டறைகளில் பெண்களைப் பெரும்பாலும் பொட்டலம் கட்டவும் கல்லாவில் நிற்கவும் வைத்துக்கொள்கிறார்கள். அடுப்பு ஆண்கள் கையில். பலகாரக் கூடத்தில் அடுப்பு பெண்கள் கையில் இருந்தும் தொழிலறிவுக்கான அங்கீகாரமும் அதற்கேற்ற கூலியும் வருவதில்லை. இரண்டையும் சரிசெய்ய ஒரு சான்றிதழால் மட்டும் முடியாது. ஆனால் வங்கிக் கடனுக்குப் போகும்போதும் கூலி பேசும்போதும் அந்தக் காகிதம் கையில் இருப்பதற்கு ஒரு பலம் உண்டு. முன்னனுபவத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இருபது ஆண்டு முறுக்குச் சுற்றியவர் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஊரில் சந்தை இருக்கிறதா என்ற ஐயம் தேவையில்லை. காரைக்குடியில் 1999-ல் திறந்த 'தி பங்களா', கானாடுகாத்தானின் 'விசாலம்' போன்ற விடுதிகள் செட்டிநாட்டுச் சாப்பாட்டைத் தேடி வெளிநாட்டாரை வரவழைத்திருக்கின்றன. பங்களாவின் மீனாட்சி மெய்யப்பன் அந்தச் சமையலை விருந்தினருக்குக் கற்பிக்கும் வகுப்புகளும் நடத்தி, நூலாகவும் கொண்டுவந்தார். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வருகிறவர்கள் ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது தேடுகிறார்கள். மணப்பாறை முறுக்கும் ஊட்டி வர்க்கியும் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றன. ஒன்று எண்ணெயில் பொரிப்பது, மற்றது அடுப்பில் சுடுவது. கண்டாங்கிச் சேலைக்கும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் அந்தக் குறியீடு உண்டு. சீர் வரிசையில் அந்தக் கொட்டானை நிறைக்கும் பலகாரத்துக்கும் எழுதிவைத்த தரமும் அளவும் தேவை. குறியீடு கேட்டு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

காரைக்குடிக்கு ஏற்ற படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது இவற்றிலிருந்தே தெளிவாகிறது. காலையில் ரொட்டியும் பன்னும், மதியத்துக்கு மேல் பலகாரம் என்று ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு. பேக்கரி மாஸ்டர் ஒருவர், பலகாரக் கூடத்து ஆச்சி ஒருவர், உணவு அறிவியல் படித்த ஆசிரியர் ஒருவர். மூவருக்கும் ஒரே மரியாதை, ஒரே மதிப்பூதியம். ஆறு மாதத்தில் வெளியேற விரும்புபவருக்குச் சான்றிதழ். தொடர்பவருக்கு ஊர் விடுதிகளிலும் பேக்கரிகளிலும் பலகாரக் கூடங்களிலும் உதவித்தொகையோடு தொழில் பழகுநர் பயிற்சி. 1961-ம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. கல்லூரி வாசலில் ஒரு விற்பனைக் கடை. தமிழிலேயே பாடநூல். மேலும், மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் மனகோலம், கந்தரப்பம், கும்மாயம், உக்காரை என்று ஒவ்வொரு பண்டத்தையும் கிராம் கணக்கிலும் வெப்பநிலைக் கணக்கிலும் எழுதிச் சேமிக்க வேண்டும். கைப்பக்குவம் உள்ள மூத்த பெண்கள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அந்த வேலைக்கு இன்னும் இருபதாண்டு காத்திருக்க முடியாது.

செலவு பெரிதல்ல. ஒரு டெக் ஓவன், மாவு பிசையும் எந்திரம், குளிர்பெட்டி, எரிவாயு அடுப்புகள், தராசுகள், வெப்பமானிகள் இருந்தால் இருபது பேருக்கு வகுப்பு நடத்தலாம். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளில் எத்தனையோ பெரிய கூடங்கள் இருக்கின்றன. அவற்றின் இரண்டாம் கட்டில் ஆயிரம் பேர் விருந்துக்குச் சமைத்த அடுப்படிகள் உள்ளன. காற்றோட்டமும் கழிவுநீர் வசதியும் சீரமைத்தால் அப்படியொரு வீடே பயிற்சிக் கூடமாகும். நகரத்தார் அறக்கட்டளைகள் கல்விக்குக் கொடுத்த வரலாறு நீளமானது. கைத்தொழில் கல்விக்கும் அந்தக் கை நீள வேண்டும்.

சேரப்போகும் மாணவர்களும் பெற்றோரும் எந்த நிறுவனமானாலும் நேரில் போய் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் என் பிள்ளை தன் கையால் மாவு பிசைந்து அடுப்பில் வைப்பான்? ஓர் ஓவனுக்கு எத்தனை மாணவர்கள்? தொழிலகப் பயிற்சி எங்கே, எழுத்தில் தருவீர்களா? சான்றிதழை வழங்குவது யார், தேசியத் திறன் கட்டமைப்பில் அதன் நிலை என்ன? நான்குக்கும் நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். பணம் இல்லை என்பதற்காகப் படிப்பைக் கைவிடவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கும், தகுதியுள்ளவர்கள் தாட்கோ அலுவலகத்துக்கும் போய், இந்த ஆண்டு பேக்கரிப் பிரிவில் இடம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.